ஒரு மண்டலம் வரைந்து பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நாலைந்து பேர் பையில் நோட்டும் பென்சிலும் போட்டுக்கொண்டு வெளியே வரையப் போவோம். ஒரு வாரம் மீன் மார்க்கெட், ஒரு வாரம் பேருந்து நிலையம், மழை வந்தால் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. வரைந்து முடித்து டீ குடிக்கும்போது புதிதாக வந்தவர் ஒரு கேள்வி கேட்பார். "அண்ணே, கை நல்லாத்தான் வருது. ஆனா எதுக்கு வரையுறோம்னே சில நேரம் புரியல. வரைஞ்சு முடிச்சதும் வெறுமையா இருக்கு." இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் நன்றாக வரைபவராகவே இருப்பார். கல்லூரியில் பரிசு வாங்கியிருப்பார், இன்ஸ்டாகிராமில் சில ஆயிரம் பேர் அவரைப் பின்தொடர்வார்கள்.

எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. ஏறக்குறைய மூன்று வருஷம். அதிலிருந்து நான் வெளியே வந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது ஓவியம் என்பதால் ஓவியத்தை வைத்தே சொல்கிறேன். பாட்டு, நாட்டியம், மண் வேலை என்று வேறு கலையில் இருப்பவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

அர்த்தத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் வரையலாம் என்று காத்திருந்தவர் யாருக்கும் அது கிடைத்து நான் பார்த்ததில்லை. ஒரே பொருளின் முன்னால் நாள்தோறும் உட்கார்ந்து உற்றுப் பார்க்கும்போது, அந்தப் பார்வைக்குள்ளேயே நிறைவு மெல்ல வந்து சேர்கிறது. அதற்கு நாள்கணக்கு வேண்டும். சித்த வைத்தியர் மருந்து கொடுத்தால் ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்வார். கும்பாபிஷேகம் முடிந்த கோயிலில் 48 நாள் மண்டலாபிஷேகம் நடக்கும். அதே கணக்கை எடுத்துக்கொள்வோம்: 48 நாள், ஒரே பொருள், நாளுக்கு ஒரு படம்.

தொடங்கும் முன் ஒரு தயக்கம்

"எனக்குப் பிறவியிலேயே அந்தத் திறமை இல்லை" என்று சொல்பவர்கள், ஔவையார் பெயரில் வழங்கும் அந்தப் பழைய வெண்பாவைக் கடைசிவரை படித்துப் பார்க்க வேண்டும். "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்ற முதல் வரி எல்லாருக்கும் தெரியும். கல்வியும் நடையும்கூடப் பழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டே வந்து, பிறவிக் குணம் என்று அது ஒதுக்கிவைப்பது மூன்றே மூன்றை: நட்பு, தயை, கொடை. சித்திரத்தை அது பழக்கத்தின் பக்கம்தான் வைத்திருக்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

வயதும் தடையில்லை. ரவீந்திரநாத் தாகூர் ஓவியத்தில் தீவிரமாக இறங்கியபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. தன் கையெழுத்துப் பிரதிகளில் அடித்துத் திருத்திய இடங்களைக் கோடுகளால் இணைத்து இணைத்துப் பறவை, முகம், விசித்திரமான மிருகம் என்று வரைய ஆரம்பித்தார். அவருடைய முதல் கண்காட்சி பாரிஸில் நடந்தது 1930-ல். பிழை என்று அடித்துப்போட்ட இடத்திலிருந்துதான் அவருக்கு ஓவியம் பிறந்தது. உங்கள் முதல் வாரப் படங்கள் கோணலாக வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பொருளைத் தேர்ந்தெடுப்பது

இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் செலவிடப்போவது இங்கேதான். பொருள் சரியாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கடையில் புதிதாக வாங்கிய பொருள் வேண்டாம். அழகான பூச்சாடியும் வேண்டாம். வீட்டில் ஒருவருடைய கை பல வருஷம் தொட்டுப் புழங்கிய பொருளாக இருக்கட்டும். அரிவாள்மனை, அஞ்சறைப்பெட்டி, தாத்தாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு, தேய்ந்த செருப்பு, பூட்டு, குழந்தை விளையாடிக் காது உடைந்த மரப்பாச்சி, எதுவும் சரி. கையளவிலிருந்து தலையணை அளவுக்குள் இருந்தால் வசதி. 48 நாளும் வீட்டில் யாருக்கும் தேவைப்படாததாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் பால் குக்கரை எடுத்துவைத்து, தினமும் காலையில் மனைவியிடம் வாதாட வேண்டியதாகிவிட்டது.

நான் எடுத்துக்கொண்டது என் பாட்டி வெற்றிலை இடித்த பித்தளை உரல். பாட்டி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த உரல் அலமாரியில் கிடந்தது, அதன்மேல் எனக்குத் தனியான பாசம் ஒன்றும் இல்லை. எளிதாக வரையலாம் என்றுதான் எடுத்தேன். நேராக நிற்கிற ஒரு கிண்ணம், ஒரு சின்ன உலக்கை, அவ்வளவுதானே.

பதினைந்தாம் நாளை ஒட்டி அதில் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. உரலின் வயிற்றில் பாட்டியின் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கும், பழைய பாத்திரங்களில் வெட்டுவார்களே, அதுபோல. அந்த எழுத்து நம்மைப் பார்த்தபடி வைத்தால், வலது பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் மழமழவென்று தேய்ந்து மின்னும். ஷேடிங் போடும்போதெல்லாம் அந்த மினுமினுப்பு சிக்கல் கொடுத்தது. ஒரு நாள் உரலை மடியில் வைத்துப் பிடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் கட்டைவிரல் பதிய வேண்டுமென்றால் உரலை வலது கையால் பிடிக்க வேண்டும், இடது கையால் இடிக்க வேண்டும். பாட்டி சோறு பிசைந்ததும் கோலம் போட்டதும் வலது கையால். அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். "உனக்குத் தெரியாதா? சின்ன வயசுல கிணத்தடியில விழுந்து வலது மணிக்கட்டு சரியாச் சேரல. வேகமா இடிச்சா வலிக்கும். அதான் இடிக்கிறதெல்லாம் இடது கை" என்றார்.

முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்து பாட்டி வெற்றிலை இடிப்பதை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று காலை ரொம்ப நேரம் அழுதேன். பாட்டி இறந்த அன்று அப்படி அழவில்லை. ஆன்மிகம் என்ற சொல்லை நான் எதற்கும் பயன்படுத்துவேன் என்றால் அந்தக் காலை நேரத்துக்குப் பயன்படுத்துவேன்.

உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்தே தீரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் புழங்கிய பொருளில்தான் அதற்கு இடம் இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இரண்டாம் படி: சாமான்கள்

இதில் அதிகம் யோசிக்காதீர்கள். ஹெச்பி, 2பி, 6பி பென்சில் தலா ஒன்று. ஏ5 அளவில் ஒரு ஸ்கெட்ச் புக், தாள் 130 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாமல் இருந்தால் அழுத்தி வரைந்தாலும் பின்பக்கம் தெரியாது. அது கிடைக்காவிட்டால் கார்ட்ரிட்ஜ் தாளை வாங்கி நான்காக வெட்டி, பள்ளிப் பிள்ளைகளின் எக்ஸாம் பேடில் செருகிக்கொண்டால் போதும். பென்சில் சீவ ஒரு பிளேடு. ரப்பர் வாங்க வேண்டாம். இருக்கிற ரப்பரையும் முதல் இரண்டு வாரம் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள்.

வண்ணம் எல்லாம் அப்புறம்.

மூன்றாம் படி: ஒரே நேரம், ஒரே இடம்

நாளுக்கு 25 நிமிடம். பத்து நிமிடம் போதாது, கண் இறங்குவதற்கே அவ்வளவு நேரம் ஆகிவிடும். விடிகாலை எனக்கு ஒத்துவந்தது. ஷிஃப்ட் வேலைக்காரர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் தங்களுக்கு எந்த நேரம் வாய்க்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். நேரம் எதுவானாலும் 48 நாளும் அதுவே இருக்கட்டும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும்படி ஜன்னல் ஓரமாகவோ மேசை விளக்கின் பக்கமாகவோ பொருளை வையுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். நேரம் பார்க்க ஒரு பழைய அலாரம் கடிகாரம் வைத்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்ததும் வரைய ஆரம்பிக்காதீர்கள். முதலில் பிளேடால் பென்சிலை நிதானமாகச் சீவுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கை வேகம் குறையும், மூச்சும் அதோடு சேர்ந்து குறையும். சிலை வடிக்கும் ஸ்தபதிகளிடம் இதைவிட ஆழமான ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு தெய்வ வடிவத்துக்கும் தியான சுலோகம் உண்டு. எத்தனை கை, எந்தக் கையில் என்ன, எப்படி நிற்கிறது என்று அது சொல்லும். அதை மனசில் ஓட்டி, உருவத்தை உள்ளே பார்த்துவிட்டுத்தான் வேலையில் கை வைப்பார்கள். நமக்கு அந்த சுலோகம் வேண்டியதில்லை, ஆனால் அந்த நிதானம் வேண்டும். பென்சிலைச் சீவிய பிறகு ஒரு நிமிடம் பொருளைச் சும்மா பாருங்கள். அப்புறம் கண்ணை மூடி, பார்த்ததை நினைவில் வரைந்து பாருங்கள். எங்கே நினைவு மங்குகிறதோ, அன்றைக்கு அந்த இடத்தில் கவனம் வையுங்கள்.

நான்காம் படி: முதல் வாரம், தாளைப் பார்க்காமல்

முதல் ஏழு நாளும் தாளைப் பார்க்காமல் வரையுங்கள். பொருளின் விளிம்பில் ஓர் எறும்பு மெல்ல நடந்து போவதாக நினைத்துக்கொண்டு, உங்கள் கண் அதன் பின்னாலேயே போகட்டும். கண் போகிற வேகத்தில்தான் பென்சிலும் போக வேண்டும். எறும்பு பள்ளத்தில் இறங்கினால் பென்சிலும் இறங்கும். கோடு தாளில் எங்கே போகிறது என்று கவலைப்படாதீர்கள்.

படம் கோணல்மாணலாக வரும். உரல் வாழைப்பூ மாதிரி இருக்கும். பரவாயில்லை. நாம் இத்தனை நாளும் பொருளைப் பார்த்து வரைந்ததில்லை, மனசில் இருக்கிற "உரல்" என்ற அச்சை எடுத்து வைத்து வரைந்தோம். அந்தப் பழக்கம் உடைய ஏழு நாள் வேண்டும்.

ஒவ்வொரு படத்தின் கீழும் தேதியும் நாள் எண்ணும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாக வரைந்து ஈடுகட்ட வேண்டாம், விட்ட நாளுக்கு ஒரு வெற்றுத்தாளைச் செருகிவிட்டுத் தொடருங்கள்.

ஐந்தாம் படி: சலிப்பு வரும் நாட்கள்

பத்தாம் நாளுக்கும் இருபத்தைந்தாம் நாளுக்கும் நடுவில் கட்டாயம் சலிப்பு வரும். "இதில் இனிமேல் பார்க்க என்ன இருக்கிறது?" என்று தோன்றும். பாதிப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். நிறைவு சலிப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு போக வேறு பாதை நான் பார்க்கவில்லை.

கடப்பதற்குச் சில உத்திகள் உண்டு. ஒரு நாள் பொருளை விட்டுவிட்டு அதன் நிழலை மட்டும் வரையுங்கள். இன்னொரு நாள் பொருளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை மட்டும் 6பி பென்சிலால் கறுப்பாக்குங்கள், பொருள் வெள்ளையாகத் தானே எழுந்து நிற்கும். தரையில் படுத்துக்கொண்டு கீழிருந்து பாருங்கள். பொருளைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு நாள் முழுப் படமும் ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள பகுதியாக இருக்கட்டும், அந்த இடத்தின் கீறல்களை மட்டும் தாள் நிறைய வரையுங்கள்.

அளவு பிசகுகிறது என்று மனம் சோர்ந்தால் அளக்கக் கற்றுக்கொள்ள இதுதான் நேரம். சுவாமிமலையில் ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதையே மடித்து மடித்து முகம், மார்பு, இடுப்பு என்று பங்கு பிரிப்பார்கள். அளவுகோல் தேவைப்படாது, சிலைக்குச் சிலை ஓலையே அளவுகோல். நீங்களும் ஒரு காகிதப் பட்டையைப் பொருளின் உயரத்துக்குக் கிழித்து நான்காக, எட்டாக மடியுங்கள். வாய் அகலம் இத்தனை மடிப்பு, அடிப்பாகம் இத்தனை மடிப்பு என்று பார்த்து வரையுங்கள். ஒரு பொருளுக்குள் இருக்கிற ஒழுங்கு இப்படித்தான் கைக்குப் பிடிபடும்.

சலிப்பு நாட்களில் மனசில் பழைய கோபம், கடன் தொல்லை, யாரோ சொன்ன சொல் எல்லாம் வந்து போகும். விரட்ட வேண்டாம். கண்ணைத் திரும்பப் பொருளின் விளிம்பில் கொண்டுபோய் வையுங்கள். 25 நிமிடத்தில் முப்பது தடவை கண்ணைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தாலும் அது நல்ல அமர்வுதான்.

சாமி நம்பிக்கை வேண்டுமா?

அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் குழுவில் தினமும் தொழுபவர் இருக்கிறார், கோயில் வாசல் மிதிக்காதவரும் இருக்கிறார். இருவரும் ஒரே மாதிரி அமைதியோடுதான் எழுந்து போகிறார்கள்.

டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவின் கதையை இந்தக் கோணத்தில் நினைத்துப் பாருங்கள். அவர் முதலில் மதப் பிரசாரகராகத்தான் ஆசைப்பட்டார். பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போய், தன்னிடம் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டுத் தொழிலாளிகளைப் போலவே வாழ்ந்தார். அந்த வேலை நிலைக்கவில்லை. 1880-ல், 27 வயதில், ஓவியராவது என்று முடிவெடுத்தார். சுரங்கத்துக்குப் போய்வருகிற அதே மனிதர்களைத்தான் ஆரம்பத்தில் வரைந்தார். பிரசங்கத்தில் சொல்ல முடியாமல் போன அன்பு அவருக்கு வரைவதில் வழி கண்டது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

ஆறாம் படி: யாருக்குக் காட்டுவது

48 நாளும் எதையும் எங்கேயும் பதிவேற்ற வேண்டாம். இதுதான் இந்த வழிகாட்டியில் கடினமான படி.

என்னுடைய அந்த மூன்று வருஷ வெறுமைக்குக் காரணம் எனக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது. கோபுரம் வரைந்து போட்டால் லைக் குவியும். பெரிய கண்ணுள்ள பெண் முகம் போட்டால் இன்னும் குவியும். கொஞ்சம் கொஞ்சமாக நான் கோபுரமும் கண்ணும் மட்டும் வரைகிறவனாகிவிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு படத்தையும் வரையும்போதே அது போன் திரையில் எப்படித் தெரியும் என்று யோசித்தேன். எதிரில் இருந்த பொருளை நான் பார்க்கவே இல்லை, அதைப் பார்க்கப்போகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவரிடம் மட்டும் காட்டுங்கள். வாரம் ஒரு முறை போதும். வரையத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றில்லை, பொறுமையாகப் பார்க்கிறவராக இருக்க வேண்டும். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இதில் உன் கண் எங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள். என் தங்கை அப்படி ஒரு முறை உரலின் அடி விளிம்பைக் காட்டினாள். நான் அக்கறையில்லாமல் வரைந்த ஒரே இடம் அது.

இந்த இடத்தில் இன்னொன்றும் பேசியாக வேண்டும். "பழைய பித்தளை உரல், ஜன்னல் வெளிச்சம்" என்று எழுதிக் கேட்டால் செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் படம் கொடுத்துவிடுகிறது. என்னுடையதைவிடச் சுத்தமாகவும் இருக்கிறது. அட்டைப் படமும் விளம்பரப் படமும் வரைந்து பிழைப்பவர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை, அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் நிறைவு எங்கே என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. அந்த உரலின் முன்னால் உட்கார்ந்திருந்தது நான். அந்தத் தேய்ந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தது நான். நம் பசிக்கு இன்னொருவர் சாப்பிட முடியாது. இதுவும் அப்படித்தான்.

ஏழாம் படி: வாரம் ஒரு நாள், நிற்காத படம்

வாரத்தில் ஒரு நாள் வழக்கமான படத்தோடு கூடவே, வைத்துக்கொள்ள முடியாத ஒன்றையும் வரையுங்கள். மொட்டைமாடி வெயிலில் பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்துச் சிமெண்ட் தரையில் வரையலாம். நீங்கள் வால் வரைவதற்குள் தலை காய்ந்துவிடும். அரிசி மாவில் கோலம் போடத் தெரிந்தவர்கள் கோலம் போடலாம். நம் அம்மாக்களும் பாட்டிகளும் தினமும் விடிகாலையில் ஒரு படம் வரைந்து, அதை எறும்புக்கும் மிதிக்கிற காலுக்கும் கொடுத்துவிட்டு, மறுநாள் புதிதாக ஆரம்பித்தார்கள். அவர்களை யாரும் ஓவியர் என்று அழைக்கவில்லை. எனக்கு இது மனவருத்தமான விஷயம், கூடவே பெரிய பாடமும்.

வாய்ப்பு இருந்தால் சித்தன்னவாசலுக்கு ஒரு முறை போய்வாருங்கள். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். பாறையைக் குடைந்த சமணக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மீன், யானை, எருமை, பறவைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். பல இடங்களில் நிறம் உதிர்ந்து போயிருக்கிறது. அந்தக் கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியர் இளங்கௌதமனின் பெயரை 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்த எருமையின் கண்ணை வரைந்த கைக்குப் பெயர் இல்லை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, என் படங்களின் மூலையில் நான் எவ்வளவு பெரிதாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பென்சிலோடு உட்காருங்கள். ஒரே ஒரு சிலையை, அதிலும் ஒரு கையை மட்டும் வரையுங்கள். பழைய செப்புத் திருமேனிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றி எடுத்தவை. மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதனால் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். சுவாமிமலையில் இன்றும் இந்த முறையில் வார்க்கிறார்கள். பட்டறையில் அனுமதி கேட்டு ஓரமாக நின்று பார்ப்பது ஒரு நாள் வகுப்புக்குச் சமம்.

எட்டாம் படி: பணத்தைத் தனிப் பெட்டியில் வையுங்கள்

"இது சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. கலை புனிதமானது, பணம் பேசக் கூடாது என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. பசியோடு உட்கார்ந்தால் கண் எதையும் பார்க்காது.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் அருமையான முன்னோடி உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்களும் 1960-களில் இதே கேள்வியைச் சந்தித்தார்கள். படம் வாங்க ஆள் குறைவு. அவர்கள் சேர்ந்து பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றி உருவம் எடுக்கும் துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். துணி வேலை வயிற்றைப் பார்த்துக்கொண்டது, ஓவியம் யாருக்கும் தலையாட்ட வேண்டிய அவசியமில்லாமல் இருந்தது. இன்றும் அங்கே போய்ப் படங்களைப் பார்க்கலாம். ஒரு மதியம் முழுக்க ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

நீங்களும் அப்படி இரண்டு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்ரெய்ட் ஆர்டர், சுவர் ஓவியம், டியூஷன் எல்லாம் ஒரு பெட்டி. காலை 25 நிமிடம் இன்னொரு பெட்டி, அதிலிருந்து எதுவும் விற்பனைக்குப் போகாது. முதல் பெட்டியில் கறாராக இருங்கள். நான் ஓர் அலுவலகத்துக்கு வாய்ப்பேச்சை நம்பிச் சுவர் ஓவியம் வரைந்து கொடுத்துவிட்டு, மீதிப் பணத்துக்கு எட்டு மாதம் அலைந்தேன். கடைசிவரை முழுசாக வரவில்லை. இப்போது பாதிப் பணம் முன்பணம், எத்தனை முறை திருத்தித் தருவேன், எந்தத் தேதியில் முடிப்பேன் என்பதை வாட்ஸாப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. அந்த எட்டு மாதமும் காலையில் உரலை வரையக்கூட மனசு வரவில்லை என்பதுதான் பணத்தைவிடப் பெரிய நஷ்டம்.

ஒரு எச்சரிக்கை

வரைவது மனதைத் தாங்கும், ஆனால் எல்லாப் பாரத்தையும் அதன் தலையில் வைக்காதீர்கள். பல வாரம் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். துன்பப்பட்டால்தான் நல்ல கலை வரும் என்ற பேச்சை நம்பாதீர்கள். அந்தப் பேச்சால் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாற்பத்தெட்டாம் நாள்

அன்றைக்கு வழக்கம்போல் வரைந்து முடித்ததும் எல்லாப் படங்களையும் கழற்றி, கூடத்துத் தரையில் ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு என்று பரப்புங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை குனிந்து மெல்ல நடந்து பாருங்கள். வெற்றுத்தாள் இருக்கிற இடங்களையும் தாண்டாமல் பாருங்கள், அந்த நாட்களில் என்ன நடந்தது என்று நினைவு வரும். எது அழகான படம் என்று தேட வேண்டாம். எந்தப் படத்தில் நீங்கள் உண்மையாகவே அங்கே இருந்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். எனக்கு 48-ல் ஏழு தேறியது. அந்த ஏழில் நான்கு பார்க்கச் சுமாரான படங்கள்.

அந்தப் பொருளைப் புழங்கியவர் உயிரோடு இருந்தால் அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு படத்தை அவருக்கே கொடுத்துவிடுங்கள். மீதியைத் துணியில் சுற்றி, பொருளோடு சேர்த்தே வையுங்கள்.

ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். அப்புறம் வீட்டில் அடுத்த பொருளைத் தேடுங்கள். இந்த முறை வண்ணம் சேர்க்கலாம், நேரத்தை 40 நிமிடமாக்கலாம், பொருளுக்குப் பதில் ஜன்னலில் தெரியும் மரத்தை எடுத்துக்கொள்ளலாம். நான் இப்போது எங்கள் ஊர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மண்ணெண்ணெய் விளக்கில் 31-ஆம் நாளில் இருக்கிறேன். கண்ணாடிச் சிம்னியில் புகை படிந்த இடம் இன்னும் சரியாக வரவில்லை. நாளைக்கு அதை மட்டும் வரையப்போகிறேன்.